அத்தையின் ஓவியத்தில் வண்ணம் உதிர்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறேன். என் அத்தை 1984இல் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று உதிர்ந்துகொண்டிருக்கிறது. கித்தான் துணி, 90க்கு 60 சென்டிமீட்டர், வார்னிஷ் பூசாதது.

படத்தில் ஒரு பெண் வாசல்நிலைக்கு உள்ளே நிற்கிறாள். அவள் நிழல் மட்டும் படி தாண்டித் தெருவில் விழுந்திருக்கிறது. இடுப்பில் சாவிக்கொத்து, ஆனால் கதவில் பூட்டே இல்லை. பகலெல்லாம் ஆடைத் தொழிற்சாலையில் தைத்துவிட்டு, வீடு உறங்கியபின் அத்தை சமையலறையில் உட்கார்ந்து வரைந்தது. 'பெண்பிள்ளைக்கு எதற்கு இது' என்று தாத்தா தூரிகைகளை ஒளித்துவைத்தாராம்.

ஜனவரி மழைக்குப் பிறகு வெள்ளைச் சேலைப் பகுதி வெடித்து, செதில் செதிலாக எழும்பியது. துத்தநாக வெள்ளை என்ற வண்ணம் நாளடைவில் நொறுங்கக்கூடியது, அதுவாக இருக்கலாம். பின்புறம் பூஞ்சைப் புள்ளிகள். சமையலறைச் சுவரிலிருந்து எடுத்து, காற்றோட்டமான அறையில் படுக்கவைத்திருக்கிறேன். உதிர்ந்தவற்றை ஒரு டப்பாவில் சேர்த்திருக்கிறேன். மென்தூரிகையால் தூசி தட்டியதில் இன்னும் இரண்டு துண்டுகள் விழவே நிறுத்திவிட்டேன். படங்களுக்குச் சட்டம் போடுபவர் மேலே புது வண்ணம் பூசலாம் என்றார். அத்தையின் கைவேலையை மறைக்க மனம் ஒப்பவில்லை.

ஜோகன்னஸ்பர்க்கில் ஓவியம் சீரமைப்பவர் ஒருவர் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். 1956இல் பெண்கள் பிரிட்டோரியாவில் அணிவகுத்த நாளான ஆகஸ்ட் 9 அன்று, அத்தையின் கண்முன்னே இதை மாட்டிவிட வேண்டும். காரில் சுமார் 570 கிலோமீட்டர் போகும்போது மேலும் உதிராமல் இருக்க, எழும்பிய செதில்களை எதைக்கொண்டு, எப்படிப் பிடித்துவைப்பது?