மே சோட் விமானத்தில் வந்தவன்

புதுத்தெரு குடும்பம் (வாட்ஸ்அப் குழு)
மார்ச் 2025, ஞாயிறு மாலை

கவிதா: ராஜன் மாமா, வீட்டில் இருக்கிறீர்களா? ஒரு சட்டச் சந்தேகம். என்னோடு இங்கே சிங்கப்பூரில் தங்கியிருக்கும் ஃபூஜியான் மாகாணத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? அவளுடைய தம்பி மியான்மரில் மியாவடிப் பக்கம், இணையத்தில் ஆட்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் ஒரு மோசடி வளாகத்தில் இருந்தவன். பிப்ரவரி 20 அன்று தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து 200 சீனர்களைத் தனி விமானங்களில் கொண்டுபோனார்களே, அதில் ஒருவன். அன்றிலிருந்து போலீஸ் காவலில் இருக்கிறான். பெற்றோர் இன்னும் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

சண்முகம்: தொலைக்காட்சியில் பார்த்தேன். விமானப் படிக்கட்டிலேயே ஆளுக்குப் பக்கத்தில் போலீஸ். ஊர் ஊராக மக்களின் சேமிப்பை உறிஞ்சியவர்களுக்கு மாலையா போடுவார்கள்?

பிரபு: அப்பா, எல்லோரும் விரும்பிப் போனவர்கள் இல்லை. ஜனவரியில் வாங் ஷிங் என்ற சீன நடிகரையே படப்பிடிப்பு என்று சொல்லித் தாய்லாந்துக்கு வரவழைத்து எல்லை தாண்டிக் கடத்தினார்கள். மீட்டபோது தலை மொட்டை. நம்மவர்களையும் இந்த மாதம் 10, 11 தேதிகளில் விமானப்படை விமானங்களில் கொண்டுவந்தார்கள், 283 பேரும் 266 பேரும். வேலை ஆசை காட்டி ஏமாற்றப்பட்டவர்கள் என்றது நம் அரசு. சீனாவோ தன் ஆட்களை முதல் நாளே மோசடிச் சந்தேக நபர்கள் என்று அறிவித்துவிட்டது.

மீனாட்சி: கவிதா, அந்தப் பையன் அங்கே என்ன வேலை பார்த்தான்?

கவிதா: சமையல் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான், அத்தை.

மீனாட்சி: சமையலுக்கு ஃபூஜியானிலிருந்து மியான்மர் வரை ஆள் பிடிப்பார்களா? என் பணத்தைப் பறிக்குமுன் ஒன்றரை மாதம் தினமும் என்னிடம் "காலை வணக்கம் அம்மா, சாப்பிட்டீர்களா" என்று எழுதியவனும் தன் வீட்டில் ஏதாவது சமையல் கதைதான் சொல்லியிருப்பான்.

சண்முகம்: அப்படிக் கேள், மீனாட்சி.

ராஜன்: இப்போதுதான் பார்த்தேன். நம் வீட்டுப் பணம் போன பிறகு சீனாவின் இந்தச் சட்டங்களைத் தேடிப் படித்துவைத்திருக்கிறேன், வேறு என்ன செய்வது. கவிதா, சமையல் என்று சொன்னாலும் தப்பிக்க முடியாது. மோசடிக் கும்பலுக்கு இடம், வண்டி, சாப்பாடு என்று தெரிந்தே உதவியவர்களும் கூட்டுக் குற்றவாளிகளே என்பது அவர்களுடைய 2016 வழிகாட்டுதல். தண்டனை குறையலாம், அவ்வளவுதான். அவன் அங்கே எத்தனை நாள் இருந்தான்?

கவிதா: ஏழெட்டு மாதம், மாமா.

ராஜன்: அதுதான் சிக்கல். 2021-இல் உச்ச நீதிமன்றம், தலைமை வழக்குத்தொடுப்பகம் (அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் அமைப்பு), பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் மூன்றும் சேர்ந்து இன்னொரு ஆணை போட்டன. வெளிநாட்டு மோசடிக் கும்பலில் சேர்ந்து குற்றம் செய்தவன், எவ்வளவு பணம் ஏமாற்றினான் என்று கணக்கெடுக்க முடியாவிட்டாலும், ஒரு வருடத்தில் மொத்தம் 30 நாள் அந்த இடத்தில் இருந்தது தெரிந்தால் கடுமையான குற்றமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 3 முதல் 10 ஆண்டு வரை போகும். முறையான வேலைக்குத்தான் போனான் என்பதற்குச் சான்று இருந்தால் மட்டும் விலக்கு.

பிரபு: கணினியும் கைபேசியும் மியான்மரிலேயே போய்விட்டால் போலீஸ் எப்படிக் கணக்கெடுக்கும்? அதற்காகத்தான் நாளை எண்ணுகிறார்கள் போலிருக்கிறது.

ராஜன்: சரியாகப் பிடித்தாய். 2023 நவம்பர் வரைக்கும் மட்டுமே வடக்கு மியான்மரிலிருந்து 31,000 சந்தேக நபர்களைப் பெற்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஏமாந்தவர்களைத் தேடிப் பொருத்துவது நடக்கிற காரியமா?

கவிதா: விசாரணை எப்படி இருக்கும் மாமா? அடிப்பார்களோ என்று அவள் அம்மா தூங்குவதே இல்லை.

ராஜன்: எழுதப்பட்ட விதியைத்தான் நான் சொல்ல முடியும். விசாரிக்கக் குறைந்தது இரண்டு அதிகாரிகள். காவல் மையத்தில் ஒப்படைத்த பிறகு அங்கேயேதான் விசாரிக்க வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது. அடித்து வாங்கிய வாக்குமூலம் செல்லாது. ஆனால் மௌனமாக இருக்கும் உரிமை கிடையாது. வழக்கு தொடர்பான கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றே சட்டம் எழுதியிருக்கிறது. வக்கீல் தனியாகப் போய்ப் பார்க்கலாம், விசாரணையின்போது பக்கத்தில் உட்கார முடியாது. வாக்குமூலத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவார்கள். படித்துப் பார்க்காமல் போட்டுவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

சண்முகம்: ஜாமீன்?

ராஜன்: சொல்கிறேன் மச்சான். நம் ஊரில் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே மாஜிஸ்திரேட் என்ற கட்டமே இல்லை. கும்பல் குற்றம் என்றால் போலீஸ் 30 நாள் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் முறையாகக் கைது செய்ய அனுமதி கேட்டு வழக்குத்தொடுப்பகத்துக்கு எழுத வேண்டும். அவர்களுக்கு 7 நாள். மொத்தம் 37. அனுமதி கிடைக்காவிட்டால் ஆளை விட்டாக வேண்டும், ஜாமீன் போல நிபந்தனையோடு விடுவதும் உண்டு. கிடைத்துவிட்டால் மாதக்கணக்கில் உள்ளேதான். பிப்ரவரி 20 என்றால், கணக்குப்படி இந்த மாதக் கடைசி. வக்கீல் வைத்தாயிற்றா?

கவிதா: போன வாரம் வைத்தார்கள். அதற்கு முன் யாரோ ஒருவர் போன் செய்து, காவல் மையத்தில் பெரிய அதிகாரியைத் தெரியும், 50,000 யுவான் கொடுத்தால் வெளியே கொண்டுவந்துவிடலாம் என்றாராம். அப்பா வங்கி வரை போய்விட்டார்.

சண்முகம்: மோசடிக் கூடத்திலிருந்து வந்தவன் வீட்டையே மோசடி செய்ய ஒரு கூட்டமா! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பிரபு: அவன் கட்டாயத்தால்தான் செய்தான் என்று நிரூபித்தால்?

ராஜன்: குற்றவியல் சட்டம் 28-ஆம் பிரிவு. மிரட்டலால் குற்றத்தில் சேர்ந்தவனுக்குத் தண்டனையைக் குறைக்க வேண்டும், அல்லது விலக்க வேண்டும். ஆனால் வாய்ச்சொல் எடுபடாது, வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கினார்களா, வெளியே போக விட்டார்களா, சம்பளம் வந்ததா என்றுதான் துருவுவார்கள். வீட்டுக்கு ஏதாவது எழுதியிருக்கிறானா?

கவிதா: இருக்கிறது மாமா, இரண்டு விதமாகவும். நவம்பரில் அக்காவுக்கு விசாட்டில் (அவர்களுடைய வாட்ஸ்அப் மாதிரி), "அடிக்கிறார்கள், வெளியே விட 80,000 கேட்கிறார்கள், யாரிடமும் சொல்லாதே" என்று அனுப்பியிருக்கிறான். ஆனால் அதற்கு முன், செப்டம்பரில், வீட்டுக்கு 18,000 யுவான் அனுப்பி, இங்கே நல்ல கமிஷன் என்றும் எழுதியிருக்கிறான். இரண்டாவதை அழித்துவிடலாமா என்று அம்மா கேட்கிறார்.

ராஜன்: வேண்டவே வேண்டாம்! அவன் கணக்குகளைப் போலீஸ் ஏற்கெனவே பார்த்திருக்கும். அழித்தால் நவம்பர்ச் செய்தியையும் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டையும் அப்படியே வக்கீலிடம் கொடுக்கட்டும்.

மீனாட்சி: அந்த 18,000 யாருடைய பணம்?

(நான்கு நிமிடம் யாரும் எழுதவில்லை.)

கவிதா: அத்தை, அவளும் அதைத்தான் சொல்லி அழுதாள். வீட்டில் கூரை மாற்றிவிட்டார்கள்.

மீனாட்சி: அழுவதை நான் குறை சொல்லவில்லை. அடித்திருந்தால் பாவம்தான். ஆனால் கமிஷன் வாங்கிய மாதத்தில் அவனை யாரும் அடிக்கவில்லையே. என் 4 லட்சத்தில் எவன் வீட்டுக் கூரை மாறியதோ.

சண்முகம்: அந்த ஊர் அதிகாரிகள் முன்பே எச்சரிக்கவில்லையா?

கவிதா: வந்தார்களாம் பெரியப்பா. மகனை உடனே திரும்பி வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குடும்பத்துக்குக் கிடைக்கும் சலுகை நிற்கும் என்று கிராம அலுவலகத்திலிருந்து இரண்டு முறை. அவனோ வளாகத்துக்குள் பூட்டப்பட்டிருக்கிறான், எப்படி வருவான்? அதைச் சொன்னாலும் கேட்கவில்லையாம்.

ராஜன்: அந்த அலுவலகம் காகிதம் ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் வக்கீலிடம் சேர்க்கச் சொல். மகன் வர முடியாமல் இருப்பதாகக் குடும்பம் அப்போதே சொன்னதற்கு அது சாட்சி. இன்னொன்று, குற்றத்தில் வந்த பணத்தைத் திருப்பிக் கட்டினால் தண்டனையில் சலுகை உண்டு. வழக்குத்தொடுப்பகம் முடிவெடுப்பதற்கு முன் கட்டினால் நல்லது.

கவிதா: 18,000 முழுவதுமா மாமா? கையில் 7,000 தான் இருக்கிறதாம்.

ராஜன்: முடிந்ததை முதலில் கட்டட்டும். வக்கீல் மூலமாக மட்டும். போனில் கூப்பிட்டவனிடம் ஒரு காசு போகக் கூடாது.

மீனாட்சி: கட்டினால் அது ஏமாந்தவர்களுக்குப் போய்ச் சேருமா, அரசாங்கத்தோடு நின்றுவிடுமா?

ராஜன்: ஏமாந்தவர் யாரென்று தெரிந்தால் அவருக்குத் திருப்ப வேண்டும் என்பது விதி.

மீனாட்சி: அப்படியானால் கட்டச் சொல், கவிதா. ரசீது வாங்காமல் வர வேண்டாம் என்றும் சொல்.