பழைய த்ரீடி டீவியில் படம் இரட்டையாகத் தெரிகிறது, உதவி தேவை

மஸ்கெலியா:
வணக்கம். அண்ணன் குவைத்தில் இருந்து வரும்போது 42 அங்குல த்ரீடி டீவி கொண்டு வந்தார். பாவித்த டீவிதான், கண்ணாடி வரவில்லை. பென்டிரைவில் த்ரீடி படம் போட்டால் ஒரே காட்சி இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று வருகிறது, ஆட்கள் எல்லாம் ஒடுங்கி நிற்கிறார்கள். ரிமோட்டில் த்ரீடி பட்டனை அழுத்தினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மங்கிவிடுகிறது. சிவப்பு-நீலக் கடதாசிக் கண்ணாடியும் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. டீவி பழுதா?

ஹட்டன்:
பழுதில்லை தம்பி, அது அப்படித்தான் வர வேண்டும். இஸ்தோப்பில் நின்று சிவனொளிபாதமலைக்கு நேராக விரலை நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், விரல் தாவும். இரு கண்ணுக்கும் நடுவே ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் இருப்பதால் இரண்டும் வேறு வேறு படம் பார்க்கின்றன, மூளை அதில் இருந்துதான் ஆழத்தைக் கணக்கிடுகிறது. வீட்ஸ்டன் என்பவர் 1838இலேயே இதைக் காட்டிவிட்டார். டீவியும் இரண்டு படம் தருகிறது, எந்தப் படம் எந்தக் கண்ணுக்கு என்று பிரிப்பது கண்ணாடியின் வேலை. கடதாசிக் கண்ணாடி நிறத்தை வைத்துப் பிரிக்கும், உங்கள் டீவி நிறத்தால் பிரிக்கவில்லை.

இதில் இரண்டு வகை இருக்கிறது. த்ரீடியைப் போட்டுக் கண்ணாடி இல்லாமல் திரைக்கு மிகக் கிட்டப் போய்ப் பாருங்கள். உருவங்களின் ஓரம் சீப்புப் பல் மாதிரி வரிவரியாக இருந்தால் பாசிவ். ஒரு வரி ஒரு கண்ணுக்கு, அடுத்த வரி மற்றக் கண்ணுக்கு, அதாவது 1080 வரியில் 540 தான் ஒரு கண்ணுக்கு. அதற்கு மலிவான போலரைஸ்ட் கண்ணாடி (நிறத்தை அல்ல, ஒளி அதிரும் விதத்தை வைத்து வடிகட்டுவது) போதும். சீப்புப் பல் இல்லாமல் முழுப் படமும் இரட்டையாகத் தெரிந்தால் ஆக்டிவ், அதற்கு மின்கலம் போட்ட கண்ணாடி, டீவியோடு சேர்ந்து இடம் வலம் என்று மாறி மாறி மூடித் திறக்கும். அது இப்போது கிடைப்பது கஷ்டம், எல்ஜியும் சோனியும் 2017இல் த்ரீடி டீவியை நிறுத்திவிட்டன.

மஸ்கெலியா:
சீப்புப் பல்தான் அண்ணே! வெயிலுக்குப் போடும் போலரைஸ்ட் கண்ணாடி சரியா?

ஹட்டன்:
சரிவராது, அதில் இரண்டு கண்ணுக்கும் ஒரே வடிகட்டிதான். சர்குலர் போலரைஸ்ட் த்ரீடி கண்ணாடி என்று கேளுங்கள், அதில் ஒளி சுழலும் திசையை வைத்து இரு கண்ணுக்கும் வேறு வேறு வடிகட்டி. கடையிலேயே போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மூடி நிலைக்கண்ணாடியைப் பாருங்கள், திறந்திருக்கும் கண்ணின் வில்லை கறுப்பாகத் தெரிந்தால் அதுதான். வாங்கியபின் மெனுவில் பக்கத்துக்குப் பக்கம் (சைட் பை சைட்) என்ற முறையைத் தெரிவு செய்யுங்கள். ஆழம் தலைகீழாகப் பட்டால் இடம்-வலம் மாற்றும் தெரிவும் அங்கேயே இருக்கும்.

மஸ்கெலியா:
கண்டியில் நாலு கண்ணாடி கிடைத்தது. நின்று பார்த்தால் அருமை! பாயில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் இன்னும் நிழல் விழுகிறது.

ஹட்டன்:
டீவி அலுமாரிக்கு மேலேயா இருக்கிறது?

மஸ்கெலியா:
ஆமாம், காம்பராவில் வேறு இடமில்லை.

ஹட்டன்:
அதுதான் காரணம். வடிகட்டிப் பட்டைகள் வரிக்கு வரி திரையில் ஒட்டியிருக்கின்றன. கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால் ஒரு வரியின் வெளிச்சம் பக்கத்துப் பட்டை வழியாகக் கண்ணுக்கு வந்துவிடும். திரையின் நடுப்பகுதி கண் உயரத்துக்கு வரும்படி இறக்குங்கள், கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

பண்டாரவளை:
இடையில் ஒன்று சொல்கிறேன். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பிள்ளை மட்டும் வித்தியாசமே இல்லை என்றால் விட்டுவிடாதீர்கள். என் மகள் அப்படித்தான் சொன்னாள், கண் கிளினிக்கில் காட்டியபோது ஒரு கண்ணில் பார்வை மந்தம். சின்ன வயதிலேயே பிடித்தால் நல்ல கண்ணை மறைத்து மற்றதைப் பழக்கலாம் என்றார்கள்.

மஸ்கெலியா:
டீவியைப் பழைய பெட்டிமேல் இறக்கிவிட்டேன், நிழல் போய்விட்டது. பெரியவன் திரையில் வந்த மீனைப் பிடிக்கக் கையை நீட்டினான். சின்னவள் பேசாமல் இருந்தாள், கேட்டால் "தட்டையாத்தான் இருக்கு" என்கிறாள். கண்ணாடியை மாற்றிக் கொடுத்தும் அதேதான். அக்கா, திங்கட்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன்.