ஜிமிக்கி மட்டும் சூளையில் வெடிக்குது, வழி சொல்லுங்களேன்

தோழிகளே, டெரகோட்டா நகை செய்ய ஆரம்பிச்சு ஆறு மாசமாச்சு. மணியெல்லாம் நல்லா வருது, ஜிமிக்கிதான் படுத்துது. நிழல்ல அஞ்சு நாள் காயவச்சு, உமியும் வரட்டியும் போட்டுச் சுடுறேன். நேத்து பன்னிரண்டுல ஏழு, 'டப் டப்'னு குடையோட உச்சியிலேயே பிளந்துபோச்சு. அந்த இடம் மட்டும் தடிமனா இருக்கிறதால உள்ளே ஈரம் தங்குதோ?

இன்னொண்ணு. கொக்கி மாட்டுற வளையத்தைச் செம்புக் கம்பியில செஞ்சு, பச்சை மண்ணுலயே புதைச்சுடுறேன். சுட்டு எடுத்தா கறுத்து, செதில் செதிலா உதிருது. நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி சூட்டைத் தாங்கும்கிறாங்க. ஹீட்டர் ரிப்பேர் கடையில இருக்கிற சுருள் கம்பியே போதுமா? எத்தனை கேஜ் (கம்பியோட தடிமன் அளவு) வாங்கணும்? சுட்ட பிறகு வளையத்தை எம்-சீல் பசை வச்சு ஒட்டுறவங்க, கழண்டு வராம நிக்குதான்னும் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை கல்யாண ஆர்டர் கொடுக்கணும்!