மறு: மறு: ஸ்கூல் பூத் காலனிக்குப் போகுது – அவசரம்

அனுப்பியவர்: மேலத்தெரு, ஷார்ஜா

உறவுகளுக்கு வணக்கம்.

லீவு முடிஞ்சு நேத்து ராத்திரிதான் வந்து இறங்கினேன். தூக்கம் வரலை, அதான் எழுதுறேன். பட்டா விஷயமா தாலுகா ஆபீஸ்ல நின்னுக்கிட்டிருந்தப்ப நோட்டீஸ் போர்டுல வரைவு வாக்குச்சாவடிப் பட்டியல் ஒட்டியிருந்துச்சு. சும்மா நம்மூர்ப் பேரைத் தேடினேன். "ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி, மேற்கு பார்த்த ஓட்டுக் கட்டடம்"னு நமக்கு நினைவு தெரிஞ்ச நாளா இருக்கிற வரி அங்கே இல்லை. "ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளி, வடக்கு பார்த்த தார்சு கட்டடம்"னு போட்டிருக்கு. காலனிப் பள்ளிக்கூடம்! இருந்த ஒரு பூத்தை ரெண்டாப் பிரிச்சு, ரெண்டையுமே அங்கே கொண்டுபோய் வச்சுட்டாங்க.

ஆட்சேபம் சொல்ல ஏழே நாள்தான். அதுல ரெண்டு நாள் போச்சு. வக்கீல் வச்சு கலெக்டருக்கு மனுக் கொடுக்கணும், ஒரு வேன் பிடிச்சு ஊர்ப் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போகணும். தலைக்கு ஐயாயிரம் போட்டா முடிச்சுடலாம். அவசரத்துக்கு என் தம்பி கணக்குல போடுங்க, நம்பர் தனியா அனுப்புறேன்.

அனுப்பியவர்: கணக்குப்பிள்ளை வீடு, சிங்கப்பூர்

அண்ணே, சங்கத்துக்கு என்று கூட்டுறவு வங்கியில் கணக்கு இருக்கும்போது தம்பி கணக்கு எதற்கு? இதை நான் கேட்பது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவை எதற்காகக் கேட்டேன் என்பது உங்களுக்கே தெரியும்.

அதைவிட முக்கியமான ஒன்று. 2018இல் இதே பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்ற வேண்டும் என்று வசூல் செய்தோம். ரசீது 1 முதல் 63 வரை. மொத்தம் ₹2,41,500. ஓட்டுக்கு ₹38,200, தச்சுக்கூலி ₹22,000 என்று இரண்டு பில் வந்தது. மீதி ₹1,81,300. அதற்கு இன்று வரை ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை. பூத் எதனால் மாறுகிறது என்று யாராவது விசாரித்தீர்களா? கட்டடம் லாயக்கில்லை என்பதால்தான் மாற்றினார்கள் என்றால், வக்கீலுக்குக் கொடுக்கிற காசும் அந்த ₹1,81,300 போன வழியில்தான் போகும்.

ரசீது 17இல் பெயரே இல்லை. அதையும் இந்த மடலிலேயே எழுதி வைக்கிறேன்.

அனுப்பியவர்: மேலத்தெரு, ஷார்ஜா

மீதிப் பணம் கோயில் அலங்கார வளைவுக்குப் போச்சு. எல்லாரையும் கேட்டுத்தான் செஞ்சோம். வளைவுல உங்க ஐயா பேருதான் முதல்ல இருக்கு, அது கண்ணுக்குத் தெரியலையா? இப்ப பேச்சு பூத்தைப் பத்தி.

அனுப்பியவர்: வடக்கித்தெரு, லண்டன்

அனைவருக்கும் வணக்கம். இங்கே இது எப்படி நடக்கிறது என்று சொன்னால் உபயோகமாக இருக்கும். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை கவுன்சில் தன் எல்லைக்குள் இருக்கிற எல்லா ஓட்டு வட்டாரத்தையும் ஓட்டுப் போடும் இடத்தையும் மறுபடி பார்த்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. போன சுற்று 2023 அக்டோபரில் ஆரம்பித்து 2025 ஜனவரியோடு முடிந்தது. அடுத்தது 2028 அக்டோபரில். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். இந்திய பாஸ்போர்ட்டோடு இருக்கிற எனக்கே இங்கே ஓட்டு உண்டு, காமன்வெல்த் பிரஜை என்பதால். எங்கள் தெருவுக்கு ஒதுக்கியிருந்த மண்டபத்தின் வாசலில் மூன்று படி. சக்கர நாற்காலி ஏறாது என்று நாலு வரி எழுதினேன். பதிலும் வந்தது, இடமும் மாறியது. கவுன்சில் சரியாகச் செய்யவில்லை என்றால் தொகுதியில் முப்பது வாக்காளர் சேர்ந்து தேர்தல் ஆணையத்துக்கு எழுதலாம். மாற்றச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

சர்ச் மண்டபம், பப், துணி துவைக்கிற கடை, எங்கே வேண்டுமானாலும் பெட்டி வைப்பார்கள். யாருக்கும் அது கௌரவப் பிரச்சினை இல்லை. நம்மூரிலும் முறைப்படி எழுதிக் கொடுங்கள். வேன் எல்லாம் வேண்டாம்.

அனுப்பியவர்: பெரியவீடு, ஈப்போ

தம்பி, லண்டன் கதையை லண்டனோடு வைத்துக்கொள். பப்பில் ஓட்டுப் போடுகிற ஊருக்கு என்ன கௌரவம் தெரியும்?

நான் முதல் ஓட்டுப் போட்டது 1977இல். அப்போது 21 வயது ஆகியிருக்க வேண்டும், இந்தப் பதினெட்டெல்லாம் பிற்பாடு வந்தது. அதே பள்ளிக்கூடம்தான். வேப்பமரத்தடி வரை வரிசை. என் ஐயா வேட்டி மடிப்புக் கலையாமல் முதல் ஆளாக நிற்பார். உள்ளே போனால் இரும்புப் பெட்டி, அரக்கு வாசனை. முத்திரையைக் குத்திவிட்டுச் சீட்டை எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியாமல் நான் முழித்ததைப் பார்த்து எங்கள் நாலாம் வகுப்பு வாத்தியார், அவர்தான் அன்று அங்கே அலுவலர், "இதையும் நான்தான் சொல்லிக் கொடுக்கணுமாடா" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. வெளியே வந்ததும் கருப்பட்டிக் காப்பி. நகத்து மை போக ஒரு மாதம் ஆனது. போக வேண்டாம் என்றுதான் இருந்தது.

அந்த இடத்தை விட்டு நம் பெண்டு பிள்ளைகள் இன்னொரு இடத்துக்கு நடந்து போய் நிற்க வேண்டுமா? பள்ளிக்கூடம் ஒழுகினால் கோயில் கல்யாண மண்டபம் இருக்கிறது. சாவி நம்மிடம்தானே. அதைக் கொடுப்போம்.

ஷார்ஜா மாப்பிள்ளை இவ்வளவு துடிக்கிறாரே, மடைத் தகராறில் ஊரே ஒரு பக்கம் நின்றபோது உங்கள் அப்பா எந்தப் பக்கம் நின்றார் என்பதை நான் மறக்கவில்லை.

அனுப்பியவர்: பால்வாடி டீச்சர் மகள், மஸ்கட்

எல்லாருக்கும் வணக்கம். பெரியவீட்டு மாமாவுக்கு முதல்லயே மன்னிப்புக் கேட்டுக்கிறேன், ஏன்னா அவரை மறுத்துத்தான் எழுதப்போறேன்.

எங்க அம்மா ஒன்பது வருஷமா வாக்காளர் பட்டியல்ல நம்மூர் பாகத்துக்கு பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர். வீடு வீடாப் போய் படிவம் வாங்கினது, செத்தவங்க பேரை எடுத்தது, கல்யாணமாகிப் போன பிள்ளைங்க பேரை மாத்தினது எல்லாம் அவங்கதான். அதனால என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும்.

ஒரு சாவடிக்கு 1,500 ஓட்டு வரைக்கும்னு இருந்ததை இப்ப 1,200னு குறைச்சுட்டாங்க. நம்ம பாகத்துல இருந்தது 1,340. அதனால பிரிச்சே ஆகணும். ஊருக்கு ஒண்ணு, காலனிக்கும் கீழக்குடியிருப்புக்கும் சேர்த்து ஒண்ணு. இதுல யாரோட சதியும் இல்லை. சாவடிக்குன்னு சில கணக்கு உண்டு. ரெண்டு கிலோமீட்டருக்கு மேல யாரும் நடக்கக் கூடாது. கூடுமான வரைக்கும் அரசுக் கட்டடமா, தரைத்தளமா இருக்கணும். சாய்தளம், தண்ணி, கக்கூஸ், கரண்ட் வேணும். முந்தின நாள் சாயங்காலமே மெஷினோட வந்து அங்கேயே படுக்கிற அலுவலர்களுக்கும் சேர்த்துத்தான் அதெல்லாம்.

கல்யாண மண்டபம் கோயிலோடது மாமா. வழிபாட்டு இடத்துல சாவடி வைக்க மாட்டாங்க. கிராம சேவை மையத்தை அம்மாவே எழுதிக் கொடுத்தாங்க. இருநூறு மீட்டருக்குள்ள கட்சி ஆபீஸ் இருக்கக் கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த ஆபீஸுக்கு இடம் வாடகைக்கு விட்டது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் குழுவிலேயே இருக்காங்க.

மிச்சம் பள்ளிக்கூடம். 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில பள்ளிக்கூடச் சுவர் இடிஞ்சு மூணு பிள்ளைங்க செத்ததுக்கு அப்புறம் எல்லாப் பழைய கட்டடத்தையும் பார்க்கச் சொன்னாங்கல்ல, அப்பவே இன்ஜினியர் வந்து உத்திரத்தைத் தட்டிப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கிட்டுப் போனார். ஆனாலும் 2024 எம்.பி. எலெக்‌ஷன் அங்கேதான் நடந்துச்சு. ஏப்ரல் 19, நல்ல வெயில். மத்தியானம் ஒரு மணி இருக்கும். அம்மா வாசல்ல உட்கார்ந்து பாகம் எண், வரிசை எண் பார்த்துச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. உள்ளே டமார்னு சத்தம். ஓட்டைத் தாங்குற ரீப்பர் கட்டை ஒண்ணு செல்லரிச்சு முறிஞ்சு நாலஞ்சு ஓட்டோட விழுந்துருக்கு, மை வைக்கிற அம்மாவோட நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி. அவங்க கையில இருந்த மைக்குப்பி கவிழ்ந்து மேசையெல்லாம் ஊதா. யாருக்கும் அடியில்லை. மறைப்பை அந்தப் பக்கச் சுவருக்கு நகர்த்திட்டு, கால் மணி நேரத்துல மறுபடி ஆரம்பிச்சாங்க. தலைமை அலுவலர் சாயங்காலம் தன் நாட்குறிப்புல அதை அப்படியே எழுதிட்டுப் போனார். அந்த வரிதான் இன்னிக்கு நோட்டீஸ் போர்டுல வந்து நிக்குது. 2018 பணத்தைப் பத்தி அண்ணன் கேட்டது வயித்தெரிச்சல்ல கேட்டது இல்லை.

இப்பச் செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. வக்கீல் வேண்டாம். ஆட்சேபத்தைத் தாலுகாவுலயோ கோட்டாட்சியர்கிட்டயோ ஊர்ல ஓட்டு இருக்கிற யாரும் வெள்ளைத்தாள்ல எழுதிக் கொடுக்கலாம். அப்புறம் அங்கீகாரம் உள்ள கட்சிகளை வச்சுக் கூட்டம் போடுவாங்க, கலெக்டர் சென்னைக்கு அனுப்புவார், டெல்லி ஆணையம் ஒப்புக்கொண்டதும் முடிஞ்சது. அதுக்கு முன்னாடி நம்ம ஆளு ஒருத்தர் கூட்டத்துல வாயைத் திறந்தாப் போதும். ஆனா எதைக் கேட்கணும்ங்கிறதுதான் விஷயம். "காலனியிலருந்து எடுத்து எங்ககிட்ட கொடு"ன்னு கேட்டா நிக்காது. தூரம்னு சொல்ல முடியாது, ஒண்ணே கால் கிலோமீட்டர்தான். அவங்க சாவடி அவங்க பள்ளிக்கூடத்துலேயே இருக்கட்டும். நமக்குப் பிரிஞ்ச சாவடியை மட்டும் நம்ம பள்ளிக்கூடத்துக்குக் கேளுங்க. அதுக்குக் கூரையைப் பிரிச்சு மாத்தி, ஒன்றிய இன்ஜினியர்கிட்ட உறுதிச் சான்று வாங்கி, சாய்தளம் போட்டுக் கொடுக்கணும். சாய்தளம்னா ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், சறுக்குமரம் மாதிரி கட்டிட்டு வந்துடாதீங்க. ஏழு நாள்ல முடியாது. இந்தத் தேர்தல் போகட்டும், அடுத்த சீரமைப்புக்குள்ள முடிச்சுடலாம்.

பஞ்சாயத்துத் தேர்தலுக்கு இந்தப் பட்டியல் செல்லாது. அது மாநிலத் தேர்தல் ஆணையம், வார்டு வார்டாத் தனிப் பட்டியல் போடுவாங்க. 2019 டிசம்பர்ல எங்க அப்பத்தா ரோஸ் சீட்டு, பச்சைச் சீட்டுன்னு நாலு சீட்டை வச்சுக்கிட்டு முழிச்சாங்களே, அது. 2025 ஜனவரி 5ஓட அந்தப் பதவிக்காலம் முடிஞ்சு இப்ப தலைவரும் இல்லை, மெம்பரும் இல்லை, தனி அலுவலர்தான். அதனால கிராம சபையில தீர்மானம் போட்டாலும் மேல தூக்கிட்டுப் போக ஆள் இல்லை. தெரிஞ்சுக்கங்க.

கடைசியா ஒண்ணு. இங்கே சத்தம் போடுறவங்கள்ல எத்தனை பேருக்கு ஊர்ல ஓட்டு இருக்கு? வெளிநாட்டுல இருக்கிற நம்ம மாதிரி ஆளுங்க படிவம் 6ஏ கொடுத்தா பாஸ்போர்ட் விலாசத்துல பேர் சேர்ப்பாங்க. ஆனா அசல் பாஸ்போர்ட்டோட நேர்ல போய்த்தான் போடணும். வேற நாட்டுக் குடியுரிமை வாங்கினவங்களுக்கு அதுவும் கிடையாது. ஒன்பது வருஷத்துல அம்மாகிட்ட 6ஏ கேட்டு வந்தது ஒரே ஒரு ஆள்.

அனுப்பியவர்: தோஹா

6ஏ கேட்டது நான்தான் அத்தாச்சி.

நான் இந்தக் குழுவில் எழுதுவதில்லை. 2018இல் நானும் மூவாயிரம் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு என்றுதான் கொடுத்தேன், வளைவுக்கு இல்லை. அந்த வளைவு வழியாக எங்கள் ஆட்கள் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒண்ணே கால் கிலோமீட்டரை எங்கள் அம்மா முப்பத்தெட்டு வருஷம் நடந்தார். கடைசித் தடவை 2024இல், முழங்கால் வீங்கி, என் தம்பி டிவிஎஸ் பின்னால். பந்தல் வாசல் பக்கம் மட்டும் போட்டிருந்தார்கள். எங்கள் வரிசை பந்தலுக்கு வெளியே நின்றது. வேன் பிடிக்க வேண்டும் என்று அப்போது யாரும் எழுதவில்லை.

கூரைக்கு என்றால் என் பங்கு வரும். வக்கீலுக்கு என்றால் வராது.

அனுப்பியவர்: பெரியவீடு, ஈப்போ

யார் எழுதுவது? ஊர்ப் பெரியவர்களிடம் பேசுகிற முறையா இது? பெயரைப் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

அனுப்பியவர்: வடக்கித்தெரு, லண்டன்

மாமா, நம் யாருமே பெயர் போட்டு எழுதவில்லையே.

அனுப்பியவர்: மேலத்தெரு, ஷார்ஜா

மனு வேலையை நிறுத்தியாச்சு. தம்பியிடம் சொல்லிட்டேன். ஆனா வேனுக்கு ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துட்டான், அது வராது. இன்ஜினியர் யாருன்னு டீச்சர் அத்தையிடம் கேட்டு யாராவது நம்பர் அனுப்புங்க.

அனுப்பியவர்: கணக்குப்பிள்ளை வீடு, சிங்கப்பூர்

அந்த ஆயிரத்தைச் சங்கக் கணக்கில் எழுத முடியாது, தீர்மானம் இல்லாமல் கொடுத்தது.

தோஹா தம்பிக்கு: நீங்கள் 2018இல் ₹3,000 கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. ரசீது 17இன் தொகையும் ₹3,000தான். அது உங்களுடையதா? ஆம் என்றால் அன்று ரசீது எழுதியவர் ஏன் பெயரை விட்டார் என்று எனக்குத் தெரிய வேண்டும். ரசீதுப் புத்தகம் யாரிடம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அவரே எழுதட்டும், காத்திருக்கிறேன்.