ஆராய்ச்சியா, கருவூலமா: தொடக்கநிலை ஆட்டக்காரர் எதை முதலில் கவனிப்பது?

சோகநாசினிக்கரை, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். டர்ன் முறையில், அதாவது ஆட்டக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவராக ஆடும் வியூக ஆட்டங்களுக்கு நான் புதியவள். கல்லூரியில் உடன் படிப்பவர்கள் இவற்றைப் பற்றி மலையாளத்தில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பேச்செல்லாம் முற்றுகை, போர் என்று போகிறதே தவிர, பொருளாதாரத்தின் பக்கம் திரும்புவதே இல்லை. தமிழில் விளக்கம் கிடைத்தால் நிதானமாகப் படித்துப் புரிந்துகொள்வேன் என்பதால் இங்கே கேட்கிறேன்.

சிவிலைசேஷன் 5 ஆட்டத்தின் விதிகளைத் தழுவி உருவாக்கப்பட்ட அன்சிவ் என்னும் இலவச ஆட்டத்தைக் கைப்பேசியில் ஆடுகிறேன். கடினநிலை பிரின்ஸ். 100 டர்ன்கள் கடந்துவிட்டன. நான்கு நகரங்கள் இருக்கின்றன. அவற்றின் மக்கள்தொகை 8, 4, 3, 3. நான்கிலும் நூலகமும் படைவீரர் பாசறையும் உண்டு. நான்கு வகை ஆடம்பரப் பொருள்கள் கைவசம் உள்ளன, அவற்றில் பருத்தி மட்டும் இரண்டு இடங்களில் விளைகிறது. எல்லா நகரங்களையும் ஒன்றோடொன்று சாலையால் இணைத்திருக்கிறேன். ஆயினும் மகிழ்ச்சி மைனஸ் 5, கருவூலம் காலி, டர்னுக்கு 7 தங்கம் குறைகிறது, ஆராய்ச்சி 22 புள்ளியில் நிற்கிறது.

நூலகங்கள் இருந்தும் ஆராய்ச்சி ஏன் உயரவில்லை? முதலில் ஆராய்ச்சியைப் பெருக்க வேண்டுமா, தங்கத்தையா? தொழில்நுட்பங்களை எந்த வரிசையில் எடுப்பது? இப்போது மலிவானதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போகிறேன்.

நகரித்தறி, நகரி, ஆந்திரம்

அம்மா, கேள்வியோடு எண்களையும் கொடுத்துவிட்டீர்கள். பாதி வேலை முடிந்தது. கணக்கைப் பார்ப்போம்.

இந்த விதிகளின்படி ஒவ்வொரு குடியும் ஓர் ஆராய்ச்சிப் புள்ளி தருகிறது, தலைநகரின் அரண்மனை 3 தருகிறது, நூலகம் இரண்டு குடிகளுக்கு ஒன்று வீதம் கூட்டுகிறது. உங்கள் 18 குடிகளுக்கு 18, அரண்மனைக்கு 3, நூலகங்களிலிருந்து 4, 2, 1, 1 என 8, ஆக மொத்தம் 29 வர வேண்டும். வருவதோ 22. கருவூலம் வற்றிய பிறகு தங்கத்தில் எவ்வளவு துண்டு விழுகிறதோ அவ்வளவையும் ஆட்டம் ஆராய்ச்சியிலிருந்து பிடித்துக்கொள்கிறது என்பதால், அந்த 7 புள்ளிகள் அங்கேதான் போகின்றன. ஆகவே ஆராய்ச்சியா தங்கமா என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை. இன்றைய நிலையில் துண்டை அடைப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக மலிவான ஆராய்ச்சி. எங்கள் ஊரில் நூல் வாங்கப் பணத்தை ஒதுக்காமல் தறி மேல் தறி போடுபவர்களைப் பார்த்தவன் என்பதால், கட்டடத்தின் விலையைப் பார்ப்பதற்கு முன் அதன் பராமரிப்புச் செலவைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அடுத்து மகிழ்ச்சி. நகரம் ஒன்றுக்கு 3, குடி ஒன்றுக்கு 1 என்று கழிந்தால் 12-உம் 18-உம் சேர்ந்து 30. வரவில் பிரின்ஸ் நிலையின் அடிப்படை 9, நான்கு ஆடம்பரப் பொருள்களுக்குத் தலா 4 வீதம் 16, ஆக 25. எனவே மைனஸ் 5 என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் அதன் விளைவு பெரியது: மகிழ்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே போனால் நகரங்களின் வளர்ச்சி கால் பங்காகச் சுருங்கிவிடும், வளர்ச்சி நின்றால் குடிகள் பெருகுவதில்லை, குடிகள் பெருகாவிட்டால் நூலகமும் பெருக்குவதற்கு ஒன்றுமில்லாமல் நிற்கும். மூன்று குடிகள் உள்ள நகரம் நூலகத்தோடு சேர்ந்து 4 புள்ளிகள்தான் தருகிறது; அதே நகரம் பத்துக் குடிகளுக்கு வளர்ந்தால் 15 தரும்.

ஒரே வகைப் பொருள் இரண்டாவது முறை கிடைத்தால் மகிழ்ச்சி கூடாது. ஆகவே அந்த இரண்டாவது பருத்தியை உங்களிடம் இல்லாத ஓர் ஆடம்பரப் பொருளுக்கு மாற்றிக்கொள்ளப் பாருங்கள்; யாரும் மாற்றத் தயாராக இல்லை என்றால் டர்னுக்கு இத்தனை தங்கம் என்று விற்றுவிடுங்கள். பாசறைகளைப் பற்றி ஒரே வார்த்தை: படை திரட்டும் ஒரு நகரத்தில் வைத்துக்கொண்டு, பராமரிப்புச் செலவு குறைய மற்ற மூன்றையும் விற்றுவிடலாம்.

தொழில்நுட்பத்தில் மலிவை வைத்து வரிசை போடுவது எனக்கு உடன்பாடில்லை. உங்கள் எல்லைக்குள் என்ன இருக்கிறது என்று நிலத்தைப் பார்த்துத்தான் வரிசை அமைய வேண்டும். பருத்தி, நறுமணப் பொருள், பட்டு போன்றவை தோட்டம் கேட்பவை; அவற்றுக்கு நாள்காட்டி வேண்டும். தங்கம், வெள்ளி, மணிகளுக்குச் சுரங்கத் தொழில் வேண்டும். பளிங்குக் கல் கிடந்தால் கட்டடக் கல் வேலை. பணியாளர்கள் இன்னும் தொடாத வரைபடக் கட்டம் ஒன்று சும்மா கிடக்கும்போது, அதைத் திறக்காத தொழில்நுட்பத்துக்கு எவ்வளவு குறைந்த விலை போட்டிருந்தாலும் அது உங்களுக்கு நட்டம்தான். நூலகம் கட்டியிருப்பதால் எழுத்து உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது; இவை கைக்கு வந்தபின் தத்துவம், கல்வி என்ற பாதையில் போகலாம். தத்துவத்தோடு வரும் நேஷனல் காலேஜ் என்னும் கட்டடம், கட்டப்படும் நகரத்தின் ஆராய்ச்சியை 50 சதவீதம் உயர்த்துகிறது. எல்லா நகரங்களிலும் நூலகம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீங்கள் ஏற்கெனவே நிறைவேற்றிவிட்டீர்கள் என்பதால், அதைத் தலைநகரில் தள்ளிப்போடாமல் கட்டுங்கள். நடுவில் ஓர் எச்சரிக்கை: மழைக்காடுகளை இப்போதே வெட்டித் தீர்த்துவிட வேண்டாம். பின்னால் பல்கலைக்கழகம் வரும்போது, மக்கள் வேலை செய்யும் ஒவ்வொரு மழைக்காட்டுக் கட்டமும் 2 ஆராய்ச்சிப் புள்ளிகள் தரும்.

ஏலமலை, குமுளி

மேலே சொன்ன கணக்கை மறுக்கவில்லை. ஆயினும் 100 டர்ன்களில் நான்கே நகரங்கள் என்பது எனக்குக் குறைவாகப்படுகிறது. நான் ஆடுவது 2016-இல் வந்த சிவிலைசேஷன் 6. அதில் நகரம் கூடக்கூட ஆராய்ச்சியும் கூடும், ஏனென்றால் ஒவ்வொரு நகரத்திலும் ஆராய்ச்சிக்கென்றே உள்ள கேம்பஸ் என்னும் வட்டாரம் ஒன்றை அமைக்கலாம், மலைகளை ஒட்டி அமைத்தால் மலை ஒன்றுக்கு ஒரு புள்ளி வேறு சேரும். குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்து முடித்தால் அதற்குரிய தொழில்நுட்பத்தின் விலையில் ஒரு பெரும்பகுதியை யுரேகா என்னும் சலுகை கழித்துவிடும்; ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கத்திலிருந்து அது 40 சதவீதம். அங்கே புதியவர்கள் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. ஆராய்ச்சி முன்னேற முன்னேற வட்டாரங்களின் கட்டுமான விலையும் ஏறும். ஆனால் இடத்தைக் குறித்துவைத்த அன்றே அந்த வட்டாரத்தின் விலை உறைந்துவிடும். எனவே இடத்தை முதலில் குறித்துவிட்டு, கட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்வது வழக்கம்.

நகரித்தறி

சிவிலைசேஷன் 6 வேறு விதி. ஐந்தாம் பதிப்புக்கு 2013-இல் வந்த பிரேவ் நியூ வேர்ல்டு விரிவாக்கத்திலிருந்து, நடுத்தர அளவு வரைபடத்தில் கூடுதல் நகரம் ஒவ்வொன்றும் எல்லாத் தொழில்நுட்பங்களின் விலையையும் 5 சதவீதம் உயர்த்துகிறது. அதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். மூன்று குடிகளும் நூலகமும் கொண்ட நகரம் 4 புள்ளிகள் தருவதால், 29 புள்ளிகள் எடுக்கும் ஒருவருக்கு அது அந்த 5 சதவீதத்தைத் தாண்டிய வரவுதான். உண்மையான தடை மகிழ்ச்சி. அந்த ஐந்தாவது நகரம் மூன்று குடிகளோடு 6 மகிழ்ச்சியை விழுங்கும், புதிய ஆடம்பரப் பொருள் ஒன்று திருப்பித் தருவது 4. மைனஸ் 5-இல் நிற்பவரிடம் இன்னொரு நகரம் போடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலில் பூஜ்யத்துக்கு மேலே வரட்டும். அதற்குப் பின்னும், இதுவரை கிடைக்காத ஆடம்பரப் பொருள் அருகில் இருக்கும் இடத்தில் மட்டுமே குடியேற வேண்டும்.

ஏலமலை

மகிழ்ச்சிக் கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஆட்டத்தில் அது ஊருக்கு ஊர் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால் இப்படி ஒட்டுமொத்தமாகக் கழுத்தைப் பிடிப்பதில்லை.

கணவாய்க்காற்று, செங்கோட்டை

ஆராய்ச்சிக்கும் தங்கத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஃப்ரீசிவ் ஆட்டத்தைக் கொஞ்சம் ஆடிப் பார்க்கலாம். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் தொடங்கி, 1996-இல் வெளியான இலவச ஆட்டம் அது. பழைய மடிக்கணினியிலும் ஓடும். அதில் நகரங்கள் ஈட்டும் வணிக வருவாயை வரி, ஆராய்ச்சி, ஆடம்பரம் என்று மூன்றாகப் பிரிக்கும் விகிதத்தை ஆட்டக்காரரே நிர்ணயிக்க வேண்டும். தொடக்கத்தில் கிடைக்கும் கொடுங்கோல் ஆட்சியில் எந்த ஒன்றுக்கும் 60 சதவீதத்துக்கு மேல் ஒதுக்க முடியாது, முடியாட்சியில் 70, குடியாட்சியில் 80, மக்களாட்சியில் 90. வரியைக் குறைத்து ஆராய்ச்சிக்கு அள்ளிக் கொடுத்து, கட்டடங்களின் பராமரிப்புக்குப் பணம் போதாமல் போனால், ஆட்டம் கட்டடங்களையே விற்றுவிடும். எனவே கருவூலத்தில் சிறிது கையிருப்பு வைத்துக்கொண்டு, ஆராய்ச்சியை எவ்வளவு உயர்த்தினால் வரவும் செலவும் சமமாகும் என்று சில டர்ன்களுக்கு ஒருமுறை பார்த்துத் திருத்துவது நல்ல பயிற்சி.

சோகநாசினிக்கரை

அனைவருக்கும் நன்றி. மூன்று பாசறைகளை விற்றேன், பருத்தியைக் கொடுத்துப் பட்டு வாங்கினேன். மகிழ்ச்சி மைனஸ் 1-க்கு வந்துவிட்டது, துண்டு 4 ஆகக் குறைந்துவிட்டது. சாலைகளை எண்ணிப் பார்த்தேன். தலைநகரிலிருந்து மற்ற நகரங்களுக்கு முறையே 4, 5, 8 கட்டங்கள். அவை போக, தலைநகரைத் தொடாமல் மற்ற நகரங்களைத் தங்களுக்குள் இணைக்கும் குறுக்குச் சாலைகள் 9 கட்டங்கள். எட்டுக் கட்டச் சாலை போய்ச் சேர்வது மூன்று குடிகள் உள்ள கடற்கரை நகரத்துக்கு. நான்கு குடிகள் உள்ள நகரமும் கடலோரத்தில்தான் இருக்கிறது. தலைநகர் உள்நாட்டில். இவற்றில் எதை எடுப்பது?

நகரித்தறி

சாலைக்குக் கட்டம் ஒன்றுக்கு ஒரு தங்கம் செலவு. இணைப்பின் வருவாயோ தலைநகரோடு இணையும் நகரத்துக்கு மட்டுமே உண்டு, அதுவும் பெரும்பாலும் அந்த நகரத்தின் மக்கள்தொகையைப் பொறுத்தது. நகரங்கள் மூன்றும் தலைநகரோடு நேரே இணைந்திருக்கும்போது குறுக்குச் சாலைகளால் காசு எதுவும் வராது. அந்த 9 கட்டங்களையும் பணியாளர்களைக் கொண்டு அகற்றிவிட்டால் மைனஸ் 4 அப்படியே பிளஸ் 5 ஆகும்.

எட்டுக் கட்டச் சாலையால் இப்போது மூன்று, நான்கு தங்கம்தான் வரும், செலவு 8. எல்லையில் பகைவர் யாரும் இல்லை, படையை விரைவாக நகர்த்தும் தேவையும் இல்லை என்றால் அதையும் எடுத்துவிடலாம். அந்த நகரம் எட்டுக் குடிகளைத் தாண்டிய பிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம். அதற்குள் திசைகாட்டித் தொழில்நுட்பம் வந்துவிட்டால், இரண்டு கடலோர நகரங்களிலும் துறைமுகம் கட்டி, நான்கு குடி நகரத்தின் சாலை வழியாகத் தலைநகரோடு இணைக்கும் வாய்ப்பும் உண்டு. ஒரு முனையில் மட்டும் துறைமுகம் இருந்தால் இணைப்பு கிடைக்காது. துறைமுகங்கள் இரண்டுக்கும் பராமரிப்புச் செலவு உண்டு, அதையும் எட்டுக் கட்டச் சாலையின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்போது முடிவு செய்யுங்கள்.