கார்னியா, காண்டாக்ட் லென்ஸ் ரெசிடென்சி: ஒரு வருடம் வீணா, வேண்டியதா?

வெஸ்ட்வில்_மாணவி
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் வெஸ்ட்வில் வளாகத்தில் ஆப்டோமெட்ரி (கண் பரிசோதித்துக் கண்ணாடி, லென்ஸ் தருகிற படிப்பு) நான்காம் வருடம் படிக்கிறேன். முடித்ததும் சாட்ஸ்வர்த்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை சொல்லி வைத்திருக்கிறார்கள். என் மனம் என்னவோ கார்னியா, அதாவது கண்ணின் முன்பக்கம் இருக்கும் தெளிவான படலம், அதன் பக்கமே ஓடுகிறது. அமெரிக்காவில் ஓ.டி. (டாக்டர் ஆஃப் ஆப்டோமெட்ரி) பட்டம் முடித்தவர்கள் ஒரு வருடம் கார்னியா, காண்டாக்ட் லென்ஸ் என்றே தனியாக ரெசிடென்சி (மூத்தவர்களின் கீழ் நோயாளிகளைப் பார்த்துப் பெறும் பயிற்சி) செய்கிறார்கள். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் காண்டாக்ட் லென்ஸ் ஃபெலோஷிப் இருக்கிறது. இங்கே மேலே படிப்பதென்றால் பெரும்பாலும் ஆராய்ச்சிதான். அப்பா, "படித்தது போதும்மா, சம்பாதி" என்கிறார். போகலாமா, வேண்டாமா?

டோங்காட்_கண்ணாடிக்காரர்
வேண்டாம் பாப்பா. 26 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்க ரெசிடென்சிக்கு அந்த ஊர் ஓ.டி. பட்டம் வேண்டும். வெளியே படித்தவர்கள் முதலில் அங்கே சுருக்கப்பட்ட ஓ.டி. படிப்பில் சேர வேண்டும். அதற்கே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும், கட்டணம் டாலரில். உன் ஒரு வருடம் மூன்றாகிவிடும். திரும்பி வந்தால்? பதிவேட்டில் நீயும் ஆப்டோமெட்ரிஸ்ட், நானும் ஆப்டோமெட்ரிஸ்ட்.

கடைக்கு வருவது யார்? நாற்பது தாண்டி செய்தித்தாளைக் கையெட்டும் தூரம் தள்ளிப் பிடிப்பவர்கள், சர்க்கரைக்காரர்கள், புரை விழுந்த பாட்டிகள். கெரட்டோகோனஸ், அதான் கார்னியா மெலிந்து கூம்பிப்போகும் நோய், எப்போதாவது ஒன்று வரும். லென்ஸ் தயாரிக்கும் லேபிலிருந்து டிரையல் செட் (மாட்டிப் பார்க்கும் மாதிரி லென்ஸ்கள்) எடு, அவர்களுடைய ஆளிடம் போனில் கேள், மாட்டிவிடு. நான் அப்படித்தான் கற்றேன்.

லெனேசியா_அக்கா
"எப்போதாவது ஒன்று" என்றீர்களே அங்கிள், சிக்கலே அதுதான். நான் ஹைதராபாத்தில் இருந்துவிட்டு வந்தவள். அங்கே ஒரே காலையில் கூம்பிய கார்னியா பத்துப் பார்ப்போம். கண்ணுக்குக் கண் வேறு. ஃப்ளோரசின் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், லென்ஸ் கூம்பின் நுனியில் லேசாகத் தொடுகிறதா, அழுத்தி உட்கார்ந்திருக்கிறதா என்று தெரியும். அந்த வித்தியாசம் படத்தில் பார்த்துப் பிடிபடுகிற விஷயமில்லை. பக்கத்தில் மூத்தவர் நின்று, "ஏன் இந்த வளைவை எடுத்தாய்?" என்று குடைந்தெடுக்க வேண்டும்.

ஸ்க்லீரல் லென்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்னியாவைத் தொடாமல் வெள்ளை விழியில் அமர்ந்து, இடையில் உப்புநீரைத் தேக்கி வைக்கிற பெரிய லென்ஸ். காலை பத்து மணிக்கு மாட்டும்போது நடுவில் 300 மைக்ரான் (0.3 மில்லிமீட்டர்) இடைவெளி, பார்க்கவே அழகாக இருக்கும். சில மணி நேரத்தில் அதில் பல நேரம் 100 மைக்ரான் வரை குறைந்துவிடும். கடையில் அரை மணி நேரம் பார்த்து அனுப்பியவருக்கு மாலை நாலு மணிக்கு அந்தக் கண் என்ன பாடுபட்டது என்று எப்படித் தெரியும்? ரெசிடென்சியில் அதே நோயாளியை அன்று மாலை, அடுத்த வாரம், மூன்றாம் மாதம் என்று பார்ப்போம். நம் கையால் மாட்டியது தோற்றுப்போய்த் திரும்பி வருவதைப் பார்க்கிறோமே, படிப்பு அதுதான்.

டோங்காட்_கண்ணாடிக்காரர்
என்னிடமும் ஆட்கள் திரும்பி வருகிறார்கள் அம்மா. நான் ஒன்றும் ஓடிப்போகவில்லை. நீங்கள் சொல்லும் அந்தப் பத்துப் பேரை விடுங்கள். இந்தப் பக்கம் தீபாவளி வந்தால் பிள்ளைகள் சந்தையில் கலர் லென்ஸ் வாங்கி, குழாய் நீரில் கழுவி, அதோடே தூங்கி எழுந்து சிவந்த கண்ணோடு வருகிறார்கள். பகலில் மட்டும் சாஃப்ட் லென்ஸ் போடுபவர்களில் கிருமித் தொற்று வருடத்துக்குப் பத்தாயிரத்தில் இரண்டு முதல் நான்கு பேர் வரை. இரவிலும் கழற்றாதவர்களில் இருபது பேர் அளவுக்குப் போகும். குழாய் நீரில் இருக்கும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் ஏறிவிட்டால் மாதக்கணக்கில் மருந்து, பார்வையே போகலாம். இதைப் பிள்ளைக்கு எடுத்துச்சொல்ல ரெசிடென்சி எதற்கு?

பீனிக்ஸ்_பையன்
நான் படித்தவன் இல்லை, நோயாளி. சொல்லலாமா?

பதினாறு வயதில் எந்நேரமும் கண் அரிக்கும், தேய்த்துக்கொண்டே இருப்பேன். இரண்டு வருடத்தில் மூன்று கண்ணாடி மாற்றினார்கள். "சிலிண்டர் பவர் ஏறுகிறது" என்றார்கள், அவ்வளவுதான். பத்தொன்பதில்தான் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு கெரட்டோகோனஸ் என்றார். அப்புறம் ஒரு கடையில் கட்டி லென்ஸ் (வளையாத, கெட்டியான லென்ஸ்) கொடுத்தார்கள். முள் குத்துவதுபோல இருக்கிறது என்றேன். "பழகிவிடும் தம்பி" என்றார்கள். ஆறு மாதம் பழகினேன். இடது கண்ணில் கூம்பின் நுனியில் இப்போது தழும்பு இருக்கிறது.

லெனேசியா_அக்கா
தம்பி, படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. மற்றவர்களும் கவனியுங்கள்: லென்ஸ் பார்வையைத்தான் தரும், நோயை நிறுத்தாது. நிறுத்துவதற்குக் கிராஸ் லிங்கிங் இருக்கிறது. ரிபோஃப்ளேவின் சொட்டு விட்டு, அரை மணி நேரம் புற ஊதா ஒளி காட்டுகிற முறை. 2003ல் ஜெர்மனிக்காரர்கள் வெளியிட்டது. ஆனால் அந்த வழக்கமான முறைக்கு மேல்தோல் நீக்கியபின் கார்னியா 400 மைக்ரானாவது இருக்க வேண்டும். சராசரிக் கண்ணில் மொத்தமே 540 சொச்சம். காலம் கடத்தினால் மெலிந்து அந்த வாசல் சாத்திவிடும். பதினேழு வயதுப் பையனுக்கு லென்ஸ் மாற்றிக்கொண்டே இருப்பவர், தெரியாமலே அந்த நாட்களைத் தின்றுவிடுகிறார்.

டோங்காட்_கண்ணாடிக்காரர்
தம்பிக்கு நடந்தது தப்பு. அதை மூடி மறைக்க மாட்டேன். ஆனால் அது ரெசிடென்சி இல்லாத தப்பில்லை, ரெட்டினோஸ்கோப்பை (கண்ணுக்குள் ஒளி காட்டிப் பவர் பார்க்கும் கருவி) ஒழுங்காகப் பிடிக்காத தப்பு. கெரட்டோகோனஸ் கண்ணில் ஒளி கத்தரிக்கோல்போலத் திறந்து மூடும். பட்டப்படிப்பிலேயே அதைச் சொல்லித் தருகிறார்கள்.

வெஸ்ட்வில்_மாணவி
சொல்லித் தந்தார்கள் அங்கிள். மூன்று வருடம் படத்தில் பார்த்தேன். உயிருள்ள கண்ணில் போன மாதம்தான் முதல்முறை பார்த்தேன், அதுவும் மேடம் பக்கத்தில் நின்று காட்டியபிறகு.

டோங்காட்_கண்ணாடிக்காரர்
சரி. அப்படியே வைத்துக்கொள்வோம். ஸ்க்லீரல் மாட்டப் படித்துவிட்டு வருகிறாய். அந்த விலை இந்தத் தம்பியின் பீனிக்ஸ் ஊர் வீட்டுக்குத் தாங்குமா? மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாதவர் அரசு மருத்துவமனை வரிசையில்தான் நிற்பார். நீ ஜோஹன்னஸ்பர்க்கின் பணக்காரப் பகுதியான சாண்டனில் ஏசி அறையில் இருப்பாய்.

லெனேசியா_அக்கா
சாண்டனில் உட்கார்ந்திருப்பவள் நான்தான், குத்து புரிகிறது. ஆனால் அதே காரணத்தைச் சொல்லித்தான் ரெசிடென்சி இங்கேயே வேண்டும் என்கிறேன். டர்பனில் மெக்கார்ட் கண் மருத்துவமனை, சொவேட்டோவில் பாரக்வனாத்தை ஒட்டிய செயின்ட் ஜான். நோயாளிகள் அங்கேதான் காத்திருக்கிறார்கள். பட்டம் முடித்தவர்களைச் சம்பளம் கொடுத்து ஒரு வருடம் கார்னியா கிளினிக்கில் நிறுத்துங்கள். இந்தப் பெண் டாலர் தேடி ஏன் போகப்போகிறாள்?

டோங்காட்_கண்ணாடிக்காரர்
சம்பளம் யார் கொடுப்பது? லென்ஸுக்கு யார் கொடுப்பது? அதைச் சொல்லாமல் பந்தலுக்குக் கால் நடுகிறீர்கள்.

லெனேசியா_அக்கா
முழுக் கணக்கு என்னிடம் இல்லை. ஆனால் தழும்பு விழுந்து மாற்றுக் கார்னியாவுக்குக் காத்திருப்பவருக்கும் அரசுதானே செலவழிக்கிறது? அந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

டோங்காட்_கண்ணாடிக்காரர்
பார்க்கலாம். பீனிக்ஸ் தம்பி, சனிக்கிழமை கடைக்கு வா. காசு வேண்டாம். அந்தக் கட்டி லென்ஸைப் பார்க்கிறேன்.

லெனேசியா_அக்கா
அங்கிள், கட்டி லென்ஸ் கார்னியாவை அமுக்கி உருமாற்றி வைத்திருக்கும். சில வாரம் கழற்றி வைத்தால்தான் டோபோகிராபியில் (கார்னியாவின் வளைவைக் காட்டும் படம்) உண்மையான வடிவம் வரும்.

பீனிக்ஸ்_பையன்
சில வாரமா? கழற்றினால் பஸ் நம்பர் தெரியாது அக்கா. வேலைக்கு எப்படிப் போவது?

டோங்காட்_கண்ணாடிக்காரர்
ஒவ்வொரு கண்ணாகக் கழற்றுவோம். தழும்பு இருக்கும் இடது கண் முதலில். சனிக்கிழமை வா, பேசிக்கொள்ளலாம்.

வெஸ்ட்வில்_மாணவி
அப்பா பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டார். "ஹைதராபாத்தில் பெண்பிள்ளை தங்க நல்ல இடம் இருக்கிறதா என்று அந்த அக்காவிடம் கேள்" என்கிறார்.

லெனேசியா_அக்கா
மருத்துவமனை பஞ்சாரா ஹில்ஸில் இருக்கிறது. நான் தங்கியிருந்த வீட்டு ஆன்ட்டியின் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன்.

டோங்காட்_கண்ணாடிக்காரர்
நான் இப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் சனிக்கிழமை நீயும் வா பாப்பா, ரெட்டினோஸ்கோப்போடு.