ஒரு கணினிக்கு நாலு பேர்: சேர்ந்து படிக்கிறார்களா, வேடிக்கை பார்க்கிறார்களா?

சாக்பீஸ்:
எங்கள் பள்ளி ஹைடெக் லேபில் ஒரு கணினிக்கு நாலு பிள்ளைகள். நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பயிற்சிக்குப் போன இடத்தில், "கேள்வியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், குழுவாகத் தேடி அவர்களே கற்றுக்கொள்வார்கள்" என்றார்கள். நான் பார்ப்பது வேறு. மவுஸ் யார் கையில் இருக்கிறதோ அவன்தான் படிக்கிறான். பக்கத்தில் இருப்பவன் "கீழே போ, இன்னும் கீழே போ" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். மூன்றாவது ஆள் திரையில் வருவதை அப்படியே நோட்டில் எழுதுவாள், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலும் ஒரு பெண் பிள்ளை தலையில்தான் அந்த வேலை விழும். நாலாவது பையன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். இதையா கூட்டுக் கற்றல் என்கிறீர்கள்?

நீலவானம்:
சார், அவர்கள் சும்மா சொல்லவில்லை. 1999 ஜனவரியில் சுகதா மித்ரா என்ற ஆராய்ச்சியாளர், டெல்லி கல்காஜியில் என்ஐஐடி என்ற கணினிப் பயிற்சி நிறுவனத்தின் அலுவலகச் சுவரில் ஓட்டை போட்டு, பக்கத்துக் குடிசைப்பகுதியைப் பார்த்தமாதிரி ஒரு கணினியை வைத்தார். சொல்லித்தர ஆளே இல்லை. பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே பழகிக்கொண்டார்கள். அவ்வளவு தூரம் ஏன், நம்ம புதுச்சேரி மாநிலத்துக் காளிக்குப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 10 முதல் 14 வயது வரையிலான தமிழ்ப் பிள்ளைகள், கணினியில் இருந்ததோ ஆங்கிலத்தில் உயிரித்தொழில்நுட்பம். ஆசிரியர் இல்லாமலேயே தேர்வில் சுமார் 30 சதவீதம் வாங்கினார்கள். பக்கத்தில் நின்று பார்க்கிறவனும் கற்கிறான் என்பதுதான் மித்ரா வாதமே. உங்கள் நாலாவது பையன் சும்மா இருக்கிறான் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

எதிர்க்கடை:
பாதிக் கதையோடு நிறுத்தினால் எப்படி? காளிக்குப்பத்தில் அந்த மதிப்பெண்ணுக்கு மேல் போக ஒரு ஆள் தேவைப்பட்டார். உயிரியல் படிக்காத உள்ளூர்ப் பெண், பிள்ளைகளுக்குப் பழக்கமானவர், பின்னால் நின்று "அட, இது எப்படி வந்தது, இன்னொரு தடவை காட்டு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகுதான் டெல்லித் தனியார் பள்ளிப் பிள்ளைகள் அளவுக்கு வந்தார்கள். மித்ராவே இதைப் பாட்டி முறை என்கிறார். ஆக, ஒதுங்கி நில் என்பது அவர் சோதனையே சொல்லாத பாடம்.

கல்காஜி விஷயத்துக்கு வருகிறேன். மார்க் வார்ஷவர் என்ற அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சியாளர் டெல்லிக்கு வந்து பார்த்துவிட்டு எழுதியதைத் தேடிப் படியுங்கள்: இணையம் பாதி நாள் வேலை செய்யவில்லை, இந்தியில் பாடம் இல்லை, பிள்ளைகள் பெரும்பாலும் படம் வரைந்துகொண்டும் விளையாடிக்கொண்டும் இருந்தார்கள். உத்தராகண்ட் ஆல்மோராவில் இதே மாதிரி வைத்த கணினிகள் கைவிடப்பட்டுக் கிடந்ததைப் பாயல் அரோரா என்ற ஆய்வாளர் 2010இல் எழுதினார். 2013இல் மித்ராவுக்கு 10 லட்சம் டாலர் டெட் பரிசு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும், ஆல்மோரா யாருக்கும் தெரியாது.

பேக்பெஞ்ச்:
நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. எங்களுக்கு ஆளுக்கொரு லேப்டாப் இருக்கிறது, மவுஸ் சண்டை இல்லை. ஆனாலும் கதை அதேதான். நாலு பேர் ரிப்போர்ட்டை கூகுள் டாக்ஸில் திறந்து வெர்ஷன் ஹிஸ்டரி பாருங்கள். ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஒரே பெயர், ஒரே நிறம், பத்துப் பக்கம். காலையில் இன்னொருவன் வந்து தலைப்பை போல்டு ஆக்கியிருப்பான், அவ்வளவுதான் அவன் பங்கு. சார்ட் பேப்பர் காலத்தில் இது வெளியே தெரியாது, இப்போது தெரிகிறது, எங்கள் மேடம் அதைப் பார்த்துத்தான் மார்க் போடுகிறார். அந்த வகையில் கணினிக்கு என் ஓட்டு.

எதிர்க்கடை:
தம்பி, எண்ணுகிறார்கள் என்று தெரிந்த அடுத்த வாரமே ஒருவன் எழுதியதை நாலாக வெட்டி ஆளுக்குக் கொஞ்சம் ஒட்டுவார்கள். இப்போது சாட்ஜிபிடி வேறு இருக்கிறது. அது வேவு, கற்றல் இல்லை.

தாமரைக்குளம்:
ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இருக்கிறேன். இரண்டு பேருமே கணினியை மேசை மாதிரி பார்க்கிறீர்கள், சுற்றி உட்கார்ந்தால் போதும் என்று ஒருவர், உட்கார்ந்தும் பயனில்லை என்று இன்னொருவர். டொரன்டோவில் மார்லின் ஸ்கார்டமாலியாவும் கார்ல் பெரெய்ட்டரும் 1980களிலேயே ஒரு மென்பொருள் செய்தார்கள். வகுப்புக்கே பொதுவான குறிப்புத் தொகுப்பு அது. குறிப்பு எழுதும்போது "என் கோட்பாடு", "எனக்குப் புரியவேண்டியது" மாதிரித் தொடக்கங்கள் கைகொடுக்கும். இன்னொரு பிள்ளையின் குறிப்புக்கு மேல் தன் குறிப்பைக் கட்டலாம். காப்பி அடித்து ஒட்டினால் அங்கே பொருந்தாது, ஏனென்றால் கேட்பது பதிலை விட, நீ என்ன நினைக்கிறாய் என்பதைத்தான். ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களில் இயற்பியல் வகுப்பில் செய்ததும் இந்த வகைதான்: முதலில் தனியாக விடையைத் தேர்ந்தெடு, அப்புறம் பக்கத்தில் இருப்பவனோடு வாதாடு, மறுபடியும் தேர்ந்தெடு. முதலில் தனியாக ஒரு முடிவு எடுத்தாகவேண்டும் என்பதால் மின்விசிறியைப் பார்க்க வழியில்லை.

எதிர்க்கடை:
மசூர் ஆரம்பத்தில் அதைக் கிளிக்கர், அதாவது பொத்தானை அழுத்தி விடை சொல்லும் கருவி, இல்லாமல்தானே நடத்தினார்? கனடாவில் நேதானியேல் லாஸ்ரி 2008இல் ஒப்பிட்டே பார்த்துவிட்டார், கிளிக்கர் வகுப்புக்கும், விடையை அட்டை தூக்கிக் காட்டிய வகுப்புக்கும் கற்றதில் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் சாட்சி எங்கள் பக்கம் பேசுகிறது.

தாமரைக்குளம்:
மசூர் விஷயத்தில் சரி, அட்டை போதும். டொரன்டோ விஷயத்தில் போதாது. ஜூன் மாதம் எழுதிய குறிப்பை ஒரு பிள்ளை ஆகஸ்டில் தேடி எடுத்து "நான் அப்போது நினைத்தது தப்பு" என்று அதன் மேலேயே எழுதவேண்டும். கரும்பலகையை நாலு மணிக்கு அழித்துவிடுவீர்கள்.

நீலவானம்:
இதைத்தான் நானும் சொல்கிறேன்.

எதிர்க்கடை:
இல்லை, நீங்கள் சொன்னது ஆசிரியர் வேண்டாம் என்று.

சாக்பீஸ்:
சண்டை இருக்கட்டும். என் பீரியட் 40 நிமிடம், அதில் கணினி எழுந்து வரவே ஐந்து நிமிடம், பாதி கீபோர்டில் எழுத்து அழிந்துபோய்விட்டது, தமிழ்த் தட்டச்சு வகுப்பில் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த மென்பொருள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தால் மூன்றாவது ஆள் மறுபடியும் நகலெடுக்கத்தான் செய்வாள். தாமரைக்குளம், அந்தத் தொடக்கங்கள் எட்டாம் வகுப்புத் தமிழில் இருந்தால் இங்கே போடுங்களேன்.

தாமரைக்குளம்:
நாங்கள் பயன்படுத்துவது: "நான் நினைப்பது…", "இதை நம்பக் காரணம்…", "நீ சொன்னதில் எனக்கு இடிக்கிறது…", "இன்னும் தெரியவேண்டியது…". மூன்றாவதைப் பிள்ளைகள் அதிகம் விரும்புவார்கள். தட்டச்சு தெரியாவிட்டால் போனில் பேசி எழுத்தாக்கலாம்.

எதிர்க்கடை:
"இடிக்கிறது" நன்றாக இருக்கிறது. நாளைக்கே எடுத்துக்கொள்கிறேன், நோட்டில்.